கண்டோர் நினைவும் கணக்கேடும்: ஜோஷ் கிப்சன் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கிவரும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. ஒருநாட் பிற்பகல் பிற்ஸ்பேர்க் நகரிலே நடைபெற்ற பேஸ்போல் ஆட்டத்தில் ஜோஷ் கிப்சன் என்னும் வீரன் அடித்த பந்து வானிலே உயர்ந்து சென்று கண்ணுக்குப் புலப்படாது மறைந்தது. நெடுநேரம் காத்திருந்தும் அது திரும்பி வராமையால், நடுவர் அதனை 'ஹோம் ரன்' என்றே தீர்த்தார். மறுநாள் அதே அணிகள் பிலடெல்பியா நகரிலே ஆடிக்கொண்டிருந்தபொழுது வானிலிருந்து ஒரு பந்து விழுந்தது. எதிரணியினன் ஒருவன் ஓடிச்சென்று அதனைப் பற்றிக்கொண்டான். உடனே நடுவர் கிப்சனை நோக்கி, நேற்றுப் பிற்ஸ்பேர்க்கிலே நீ ஆட்டமிழந்துவிட்டாய் என்றாராம்.

இக்கதையைச் சொன்னவரும் நம்பவில்லை, கேட்டவரும் நம்பவில்லை. ஆயினும் தலைமுறை கடந்து அது சொல்லப்பட்டு வந்தது. ஒரு வீரனின் ஆட்டத்தைக் கண்டு களித்தவர்கள் தாம் கண்டதைப் பிறருக்கு எடுத்துரைக்கச் சாதாரண சொற்கள் போதாமற்போன இடத்திலே இத்தகைய கதைகள் தோன்றுகின்றன. கிப்சனைப் பொறுத்தவரை இது வெறும் நாட்டாரியற் சுவைக்குரிய செய்தியன்று. அவர் 1930 தொடக்கம் 1946 வரை ஆடிய ஆட்டங்களுட் பெரும்பாலானவற்றுக்கு முறையான பதிவேடு கிடையாது. ஆகவே, அவரைப் பார்த்தவர்களின் அன்பு நிறைந்த நினைவே நெடுங்காலமாக அவரைப் பற்றிய தலையாய சான்றாக இருந்தது. அச்சான்றின் தகைமை யாது, அது எதைக் காத்தது, எதை மறைத்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

கிரிக்கெட்டில் ஊறிய நமது வாசகருக்குப் பேஸ்போல் பற்றிச் சில வார்த்தைகள் தேவைப்படலாம். துடுப்பாட்டக்காரர் அடித்த பந்து மைதான எல்லையைப் பறந்து தாண்டினால் அது 'ஹோம் ரன்'. அவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறலாம். பத்துத் தடவை துடுப்பெடுத்து மூன்று தடவை வெற்றிகரமாக அடிப்பவரே அவ்வாட்டத்திற் சிறந்தவராகக் கருதப்படுவார். துடுப்பாட்டக்காரருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பற்றுபவரின் பணி நமது விக்கெட் காப்பாளரின் பணியை ஒத்தது. முழங்காலுக்கு அதனிலும் கொடியது. கிப்சன் ஆடியது அந்த இடத்திலேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் பெரும் லீக்குகளிற் கறுப்பினத்தவர் எவருக்கும் இடமளிக்கப்படவில்லை. இதற்கென எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை என்பதே இவ்விலக்கின் வலிமை. எழுதப்படாத விதியை எவரிடத்து முறையிடுவது? 1920 இல் றூப் பொஸ்ரர் என்பவரின் தலைமையிற் கன்சாஸ் சிற்றியிலே கூடிய கறுப்பின அணி உரிமையாளர்கள் நீக்ரோ தேசிய லீக்கினை அமைத்தனர். அதனைத் தொடர்ந்து வேறு லீக்குகளும் தோன்றி மறைந்தன. ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கெனக் கட்டியெழுப்பிய ஓர் ஆட்டவுலகம் அது.

கிப்சன் 1911 திசெம்பர் 21 ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்திலே பிறந்தவர். தென்மாநிலங்களின் வறுமையையும் இன ஒடுக்குமுறையையும் விட்டு இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கின் கைத்தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்த காலம் அது. கிப்சனின் தந்தையும் பிற்ஸ்பேர்க் நகரின் உருக்காலையில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தை அங்கு வரவழைத்தார். 1930 இல் ஹோம்ஸ்ரெட் கிரேஸ் அணியின் காப்பாளர் கையிற் காயமுற்ற வேளையில், பார்வையாளர் கூட்டத்தில் அமர்ந்திருந்த பதினெட்டு வயது இளைஞனான கிப்சன் மைதானத்துள் அழைக்கப்பட்டான் என்பது பெருவழக்காகக் கூறப்படும் கதை. இதன் விவரங்களை ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். ஆனால் இரசிகர்கள் இக்கதையை விடாது பற்றிக்கொண்டமைக்குக் காரணம் வெளிப்படையானது. தம்மோடு அதே வாங்கிலே இருந்த ஒருவன் எழுந்து சென்று மாவீரனான் எனக் கூறுவது அவர்களுக்கு உவப்பாயிருந்தது.

கிப்சனைப் பார்த்தவர்கள் யாவர்? பிற்ஸ்பேர்க்கின் ஹில் பகுதியில் வாழ்ந்த உருக்காலைத் தொழிலாளர், சுமைதூக்குவோர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், சிறு வணிகர், ஆசிரியர் ஆகியோரே அவர்கள். அப்பகுதியிலே கஸ் கிறீன்லீ என்பவர் 1932 இல் ஒரு விளையாட்டரங்கைக் கட்டினார். அவருடைய பணம் சட்டவிரோதமான இலக்கச் சூதாட்டத்தில் ஈட்டிய பணம் என்பதை மறைப்பதற்கில்லை. கறுப்பினத்தவருக்கு வங்கிகள் கதவடைத்த காலத்தில் அவர்களிடையே மூலதனம் திரளக்கூடிய வழிகள் மிகச் சிலவே. கிறீன்லீயின் குறோபோர்ட்ஸ் அணியிற் கிப்சன் 1936 வரை ஆடினார். சச்சல் பேஜ், கூல் பாப்பா பெல், ஒஸ்கார் சார்ள்ஸ்ரன், ஜூடி ஜோன்சன் ஆகியோரும் அவ்வணியினரே. கிப்சன் இரண்டு ஹோம் ரன் அடிப்பார், பேஜ் முதல் ஒன்பது பேரையும் ஆட்டமிழக்கச் செய்வார் என உறுதி கூறும் விளம்பரங்கள் ஊர்தோறும் ஒட்டப்பட்டன. அந்த அரங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1938 இல் அது இடிக்கப்பட்டு, அவ்விடத்திற் குடியிருப்புத் தொகுதி எழுந்தது.

பின்னர் கிரேஸ் அணி பிற்ஸ்பேர்க்கோடு வோஷிங்டன் நகரையும் தனது இருப்பிடமாகக் கொண்டது. அங்கே கிரிபித் விளையாட்டரங்கு கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலே, ஹோவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் அமைந்திருந்தது. வெள்ளையரின் செனற்றர்ஸ் அணி ஆடும் நாட்களிற் கறுப்பினத்தவர் வழக்கத்தின்படி வலப்புறத்து ஒதுக்கிடத்திலேயே அமர்ந்தனர். கிரேஸ் ஆடும் நாட்களிலோ விரும்பிய இடத்தில் அமரலாம். ஞாயிறு காலை தேவாலய வழிபாடு முடிந்ததும் அதே நல்லுடையோடும் தொப்பியோடும் நேரே மைதானத்துக்குச் சென்றமையை முதியோர் பலர் பிற்காலத்திலே நினைவுகூர்ந்துள்ளனர். கிப்சனின் அடியைப் பற்றிய அவர்களது மகிழ்ச்சியை, அந்த ஒரு நாளிற் கிடைத்த இருக்கையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1933 முதல் சிக்காகோவின் கொமிஸ்கி பார்க்கில் ஆண்டுதோறும் நடைபெற்ற கிழக்கு–மேற்கு ஆட்டத்துக்கு வீரர்களைத் தெரிந்தவர்களும் இரசிகர்களே. அவர்கள் கறுப்பினப் பத்திரிகைகள் வாயிலாக வாக்களித்தனர். 1943 இல் அவ்வாட்டத்தைக் காண ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பெயரளவிலேயே இருந்த காலத்தில், இந்த வாக்கெடுப்புக்குத் தனியானதொரு பொருள் உண்டு.

இவ்வளவு பெருந்திரள் பார்த்த ஆட்டங்களுக்குப் பதிவேடு இல்லாமற் போனது எங்ஙனம்? லீக் ஆட்டங்கள் ஓராண்டில் அறுபது முதல் எண்பது வரையே நடைபெற்றன. அணிகள் பிழைப்பதற்காக ஏனைய நாட்களிற் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, தொழிற்சாலை அணிகளோடும் கிராமத்து அணிகளோடும் ஆடின. ஒரே நாளில் இரண்டு, சில வேளை மூன்று ஆட்டங்களும் நடைபெற்றதுண்டு. நிலையான ஓட்டப் பதிவாளரை அமர்த்தப் பணமில்லை. வெள்ளையரின் நாளேடுகள் பெரும்பாலும் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை. 'பிற்ஸ்பேர்க் கூரியர்', 'சிக்காகோ டிபென்டர்' முதலிய கறுப்பினப் பத்திரிகைகளோ வார ஏடுகள். ஒரு வாரத்து ஆட்டங்களைச் சில பத்திகளுள் அடக்கவேண்டிய நிலையிலிருந்தன. உணவகங்கள் உள்ளே விடாமையாற் பேருந்திலேயே உண்டு உறங்கிய அணியினர், கணக்கை எழுதித் தபாலில் அனுப்பினால் உண்டு, இல்லையேல் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பியது நினைவு. கண்டோர் கூற்றுக்களை ஒப்பிட்டு நோக்கும்பொழுது சில அம்சங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிப்சன் துடுப்பெடுத்து நிற்கையிற் கால்களை அதிகம் நகர்த்துவதில்லை; பாதம் நிலத்திற் பதிந்தபடியே நிற்கும்; தோளும் முன்கையுமே வேலை செய்யும். பந்து மேலெழுந்து மிதந்து செல்லாது நேர்கோட்டிலே விரைந்து செல்லும். இவை ஒருவரையொருவர் அறியாத பலரும் கூறுவன, ஆதலால் நம்பத்தக்கன. 1939 இல் வோஷிங்டனின் புகழ்பெற்ற முன்னாட் பந்துவீச்சாளரான வோல்ற்றர் ஜோன்சன், கிப்சன் எந்தப் பெரும் லீக் அணியும் இரண்டு இலட்சம் டொலர் கொடுத்து வாங்க விரும்பக்கூடியவர் என்று கூறி, அவர் கறுப்பினத்தவராயிருப்பது வருந்தத்தக்கது எனவும் முடித்தார். வெள்ளையரான ஒரு வல்லுநரின் சாட்சியம் இது என்ற வகையில் பெறுமதி வாய்ந்தது. ஆனால் வருந்தவேண்டியது எது என்பதில் அவர் தடுமாறியிருக்கிறார் என்றே கூறவேண்டும்.

எல்லாச் சாட்சியங்களிலும் நுண்மையானது பக் ஓநீல் என்பவருடையது. கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் அணியின் வீரராகவும் பின்னர் முகாமையாளராகவும் விளங்கிய அவர், 2006 இல் தொண்ணூற்று நான்கு வயதில் மறையும்வரை நீக்ரோ லீக்குகளின் வாழும் ஏடாகத் திகழ்ந்தார். அவர் கூறியது கண்ணாற் கண்டதையன்று, காதாற் கேட்டதை. சிறுவனாய்ப் புளோரிடாவிலே மைதானத்துக்கு வெளியே நின்றபொழுது, துடுப்பிற் பந்து படும் தனித்துவமான ஓசையொன்றை அவர் கேட்டார். அடித்தவர் பேப் ரூத். பல்லாண்டு கழிந்து வோஷிங்டனில் உடைமாற்றும் அறையிலிருந்தபொழுது அதே ஓசை கேட்டது. அரைகுறை உடையோடு வெளியே ஓடிவந்து பார்த்தால், பயிற்சியில் நின்றவர் கிப்சன். மூன்றாந் தடவை அவ்வோசையை அவர் கேட்டது 1980 களில், போ ஜக்சன் என்னும் இளைஞரின் துடுப்பிலிருந்து. ஹோம் ரன்களின் எண்ணிக்கை, தூரம் எதுவும் இச்சாட்சியத்தில் இல்லை. மிகைப்படுத்துவதற்கு இடமற்ற இத்தகைய சிறு செய்திகளே நினைவுச் சான்றின் உயிர்நிலை எனலாம்.

வெள்ளைப் பத்திரிகையாளர் கிப்சனைக் 'கறுப்புப் பேப் ரூத்' என்றனர். கறுப்பின இரசிகர் சிலரோ ரூத்தினை 'வெள்ளைக் கிப்சன்' என்று அழைத்தனர். இந்தச் சிறு குறும்பினுள் ஒரு முழு அரசியல் அடங்கியுள்ளது.

எனினும் நினைவை அப்படியே ஏற்றுக்கொள்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. நியூயோர்க்கின் யாங்கி விளையாட்டரங்கிலிருந்து பந்தை முற்றாக வெளியே அடித்தவர் கிப்சன் ஒருவரே என்னும் கூற்று புகழ்பெற்றது. சிக்காகோ அணி வீரரான ஜக் மார்ஷல் 1934 இல் அதனைத் தாம் கண்டதாகக் கூறினார். அக்கூற்றை உறுதிப்படுத்தும் சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. அதே அரங்கில் 1930 இல் அடித்த பேரடி பற்றியும் வெவ்வேறு தூரங்கள் கூறப்படுகின்றன. ஆண்டு கழியக் கழியப் பந்தும் தூரம் செல்கிறது. உலகெங்கும் அன்புடைய நினைவின் இயல்பு இதுவே.

இன்னொன்று 1942 இன் உலகத் தொடரில் நிகழ்ந்தது. பழைய தோழர்களான பேஜும் கிப்சனும் அப்போது எதிரெதிர் அணிகளில் இருந்தனர். தளங்கள் மூன்றிலும் ஆட்கள் நிற்கப் பேஜ் கிப்சனுக்குப் பந்து வீசி அவரை ஆட்டமிழக்கச் செய்தார். கிப்சனை எதிர்கொள்ளும் பொருட்டே தாம் வேண்டுமென்று முன்னவர்களைத் தளத்துக்கு அனுப்பியதாகப் பேஜ் பிற்காலத்திற் கூறி வந்தார். ஓநீலும் அதை வழிமொழிந்தார். அக்காலப் பத்திரிகைச் செய்தியோ இதனோடு எல்லா விவரங்களிலும் ஒத்துச் செல்வதில்லை. ஆட்டமிழந்தமை மட்டும் இரண்டிலும் உண்டு. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. கிப்சனைக் குறித்து அதிகம் சொல்லப்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று அவரது தோல்வி. வெறும் புகழ்ச்சியே நோக்கமாயின், இரசிகர்கள் இதை மறந்திருப்பர்.

ஆயினும் அவர்கள் மறக்க விரும்பியதும் உண்டு. 1930 இல் கிப்சனின் இளம் மனைவி இரட்டைக் குழந்தைகளை ஈன்று இறந்தார். 1943 தொடக்கத்திற் கிப்சன் மயங்கி வீழ்ந்து மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். மூளையிற் கட்டி எனக் கூறப்பட்டும் சத்திரசிகிச்சைக்கு அவர் உடன்படவில்லை. கடுந்தலைவலி, மிதமிஞ்சிய குடி, மனநலக் குலைவு ஆகியன தொடர்ந்தன. மருத்துவமனையில் இருந்த காலத்திலும் ஆட்டத்துக்காக வெளியே அழைத்து வரப்பட்டார் எனக் கூறுவர். இறுதி ஆண்டுகளிற் பந்து பிடிக்கக் குந்துவதற்கே முழங்கால்கள் இடந்தரவில்லை. நினைவுகூர்வோர் இவற்றை விரைந்து கடந்து, மீண்டும் பழைய பேரடிகளுக்கே திரும்புகின்றனர். அன்பு காரணமான இந்த மௌனத்தைக் குற்றமென்று சொல்லத் தயக்கமாக உள்ளது. ஆனால் ஒரு மனிதனின் பாதி வாழ்வு அதனுள் மறைந்து போயிற்று.

1947 ஜனவரி 20 ஆந் திகதி, முப்பத்தைந்தாம் வயதிற் கிப்சன் காலமானார். மூன்று மாதம் கழியுமுன், ஏப்பிரல் 15 ஆந் திகதி, ஜக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காகப் பெரும் லீக்கில் ஆடி நிறத்தடையை உடைத்தார். இவ்விரு திகதிகளின் நெருக்கமே, கிப்சன் உளமுடைந்து இறந்தார் என்ற கூற்றைப் பிறப்பித்தது. நோயையும் குடியையும் கண்ணெதிரே கண்டவர்களும் அதையே கூறினர். மருத்துவ வரலாறாக அது நிற்காது. தம் தலைமுறை முழுவதற்கும் நேர்ந்ததை ஒருவரின் சாவின்மீது ஏற்றிச் சொன்ன கூற்றாக அதனைக் கொள்வதே பொருந்தும்.

றொபின்சனின் வருகையின் பின் இரசிகர்கள் பெரும் லீக்கின் பக்கம் திரும்பினர். நீக்ரோ லீக்குகள் நலிந்து மறைந்தன. பிற்ஸ்பேர்க்கின் அலெகேனி மயானத்திற் கிப்சனின் புதைகுழி 1975 வரை கல்லின்றிக் கிடந்தது. ஆயினும் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. 1966 இல் ரெட் வில்லியம்ஸ் என்னும் வெள்ளை வீரர் கூப்பர்ஸ்ரவுண் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டபொழுது, பேஜும் கிப்சனும் அங்கு இல்லாமையை வெளிப்படையாகச் சுட்டினார். 1970 இல் றொபேட் பீற்றர்சன் முதிய வீரர்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். 1971 இற் பேஜும் 1972 இற் கிப்சனும் புகழ்மண்டபத்துள் இடம்பெற்றனர். ஹில் பகுதியிலே பிறந்த நாடகாசிரியர் ஓகஸ்ற் வில்சன், காலம் பிந்திய வாய்ப்பினால் மனங்கசந்த முன்னாள் நீக்ரோ லீக் வீரனொருவனைத் தமது 'வேலிகள்' நாடகத்தின் நாயகனாக்கினார். இரசிகர்கள் விழுங்கிக்கொண்ட கசப்பினை அந்நாடகம் பேசியது.

இதற்கிடையே ஆராய்ச்சியாளர் சிலர் பழைய வார ஏடுகளின் நுண்படச்சுருள்களைத் துருவி, ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கையும் பொறுமையோடு சேர்க்கத் தொடங்கினர். பல பதிற்றாண்டுகள் சென்றன. 2020 திசெம்பரில் பெரும் லீக் நிருவாகம், 1920 முதல் 1948 வரையான ஏழு நீக்ரோ லீக்குகளைப் பெரும் லீக்குகளாகவே ஏற்றது. 2024 மே மாதத்தில் இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களின் கணக்குகள் உத்தியோகபூர்வ ஏட்டில் இணைக்கப்பட்டன. அதன்படி கிப்சனின் வாழ்நாட் சராசரி .372, அதுவரை முதலிடத்திலிருந்த ரை கொப்பினுடையது.367. ஓராண்டுச் சராசரியிலும் .466 பெற்றுக் கிப்சனே முதலிடத்தவரானார். அந்த ஆண்டு 1943.

குறுகிய பருவங்களின் கணக்கை நீண்ட பருவங்களின் கணக்கோடு ஒப்பிடலாமா என்னும் ஆட்சேபம் எழுந்தது. அது முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. சேகரிக்கப்பட்டவை முக்காற் பங்களவே என்பதைத் தொகுத்தவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். ஆயின், பருவம் குறுகியதும் ஏடு குறையுற்றதும் விலக்கப்பட்டவர்களின் தவறால் அன்று. மேலும், ஞாயிறு உடையில் வந்திருந்த தொழிலாளர்கள், எந்த ஏடும் கையில் இல்லாமலே, இவனுக்கு நிகர் எவனுமில்லை என்று கூறியதை எண்பது ஆண்டுகளின் பின் கணக்கேடு வழிமொழிந்துள்ளது. தூரங்களில் அவர்கள் தவறினர். ஆளை மதிப்பதில் தவறவில்லை.

1943 இன் அந்தச் சராசரியை நோக்கும் எவருக்கும், ஆட்டத்தின் உச்சத்தில் நின்ற ஒரு வீரனே தோன்றுவான். அவ்வாண்டிலே மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவனும் அவனே. எண்ணும் இதைச் சொல்லாது. அன்புடைய நினைவும் சொல்ல விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையிற் கிடைக்கும் துண்டுத் துணுக்குகளைக் கொண்டே அந்த ஆண்டினை எழுதவேண்டியுள்ளது.

1946 இற் பத்து வயதிற் கிப்சனைப் பார்த்த சிறுவன், 2024 இல் எண்பத்தெட்டு வயது முதியவன். நேரிற் கண்டோர் ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டனர். கூப்பர்ஸ்ரவுணிலே 1972 இற் பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகை, லீக் ஆட்டங்களிலும் ஏனைய ஆட்டங்களிலுமாக அவர் ஏறத்தாழ எண்ணூறு ஹோம் ரன்கள் அடித்தார் எனக் கூறுகிறது. உத்தியோகபூர்வ ஏட்டிலுள்ள லீக் கணக்கோ இருநூறுக்கும் குறைவு. எஞ்சிய அறுநூறும், கணக்கெழுதுவார் எவருமின்றி, ஊர் ஊராய் ஏதேதோ மைதானங்களில் பார்த்திருந்தவர்களின் தலைக்கு மேலாகச் சென்றவை.